அரைப்பேர்ச் சிரிப்பு

அந்தக் காலத்து நகைச்சுவையில் கள்ளம் கிடையாது என்று சொல்கிறவர்களை இலங்கையின் மலையகத்தில் எங்கும் சந்திக்கலாம். தலவாக்கலை பஸ் நிலையத்தில் குடையோடு நிற்பவரும் சொல்வார். ஹட்டனில் நூல் வெளியீட்டு மேடையில் மாலையோடு உட்கார்ந்திருப்பவரும் சொல்வார். சாப்ளின், கீட்டன், லோரல், ஹார்டி என்று பெயர்கள் வரிசையாக வரும். அப்படியே கடல் தாண்டி நம் கரைக்கு வந்தால் இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்', அதிலிருந்து பிறந்து 1976இல் திரைக்கு வந்த 'கோமாளிகள்'. "எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரிச்சோம் சார். யாருக்கும் மனசு நோகல. இப்பதான் எவனுக்கு இடம் இருக்கு, எவனுக்கு இல்லன்னு கணக்குப் பார்க்கிறானுங்க. பிரதிநிதித்துவமாம்!" கூட்டம் தலையாட்டும். நானும் பல வருஷம் ஆட்டியிருக்கிறேன்.

பிரதிநிதித்துவம் நேற்று வந்த சொல் என்று வேறு ஊரில் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். தலவாக்கலையில் சொல்லக்கூடாது. 1947 தேர்தலில் இந்தத் தொகுதி சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. இலங்கை இந்தியர் காங்கிரஸிலிருந்து அந்த முறை ஏழு பேர் போனார்கள். மறு வருஷமே எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அந்தக் கட்சியிலிருந்து ஒருவரும் தெரிவாகவில்லை. ஆட்கள் அதே தோட்டத்து லயத்தில், அதே காம்பராவில்தான் இருந்தார்கள்; வாக்காளர் இடாப்பில் பேர் இல்லை. இருப்பதற்கும் கணக்கில் இருப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை எங்கள் பாட்டன்மார் நடந்து அளந்திருக்கிறார்கள். அதனால்தான் 'எல்லாரும் படத்தில் இருந்தார்களே' என்று யாராவது சொன்னால் எனக்குக் காது கூர்மையாகிறது.

பேர் என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. விடியலில் பெரட்டுக்குப் போய், மலைக்கு ஏறி, சொன்ன அளவு கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால், கூலிக் கணக்கு எழுதும் செக்ரோலில் ஒரு பேர் விழும். அளவு குறைந்தால் அரைப்பேர். ஆள் முழுசாகத்தான் மலையேறினாள், முழு நாளும் நனைந்தாள், அட்டையும் முழு வயிற்றுக்குத்தான் குடித்தது. கணக்கில் மட்டும் பாதி. ஆரம்பகால ஹொலிவூட் நகைச்சுவைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்தான் நாக்கில் வந்து நிற்கிறது. கறுப்பர் இருக்கிறார், சீனர் இருக்கிறார், மெக்சிக்கர் இருக்கிறார். எல்லாருக்கும் அரைப்பேர்.

எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்கள் என்பதையே முதலில் எடுத்துக்கொள்வோம். பாதி உண்மைதான். அமெரிக்க நாடகக் கொட்டகைகளில் குடிகார ஐரிஷ்காரன், தடித்த ஜெர்மன்காரன், கஞ்ச யூதன், வாயாடி இத்தாலியன் என்று ஆளாளுக்கு ஒரு கொச்சை, ஒரு தொப்பி இருந்தது. சீக்கோ மார்க்ஸ் யூத வீட்டுப் பிள்ளை. இத்தாலியக் கொச்சை பேசியே பெயரெடுத்தார். ஆனால் அந்தக் கொட்டகையில் ஐரிஷ்காரரும் யூதரும் மேடையிலும் இருந்தார்கள், கல்லாப்பெட்டியிலும் இருந்தார்கள். தங்களைத் தாங்களே கிண்டல் செய்து, அந்தக் கிண்டலையே படியாக வைத்து ஏறினார்கள். ஒரு தலைமுறை கழிந்ததும் அவர்கள் வெறும் அமெரிக்கர். கறுப்பருக்கு அந்தப் படி கிடைக்கவில்லை. கிடைக்காதது போதாதென்று, அவர் முகமே மற்றவர்களுக்குப் படியானது. 1927இல் வந்த 'த ஜாஸ் சிங்கர்' படத்தில் யூத ஆலயப் பாடகரின் மகன் அமெரிக்க மேடையில் நட்சத்திரமாகிறான். ஆகும்போது முகத்தில் கரி பூசியிருக்கிறான்.

பஸ்டர் கீட்டனை எனக்கு மிகவும் பிடிக்கும். சாப்ளினை விட ஒரு படி மேலே வைப்பேன். இதற்காக நண்பர்களோடு சண்டையே போட்டிருக்கிறேன். அவருடைய 'செவன் சான்ஸஸ்' (1925) படத்தில் மாலை ஏழு மணிக்குள் கல்யாணம் செய்தால் 70 இலட்சம் டொலர் சொத்து. தெருவில் போகும் பெண்களையெல்லாம் கேட்டுப் பார்க்கிறார். முன்னால் ஒருத்தி நடந்து போகிறாள், முதுகு மட்டும் தெரிகிறது. விரைந்து போய் எட்டிப் பார்க்கிறார். கறுப்புப் பெண். அப்படியே திரும்பி நடக்கிறார். அவ்வளவுதான் பகிடி. அந்தப் பெண் ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்குப் பெயரும் இல்லை. அவள் முகம்தான் பகிடியின் கடைசி வரி. அதே படத்தில் ஒரு கறுப்பு வேலைக்காரன் பாத்திரமும் வருகிறது. அதில் நடித்தவர் முகத்தில் கரி பூசிய வெள்ளைக்காரர். முகத்தைக் காட்டிவிட்டுப் போக உண்மையான கறுப்புப் பெண் கிடைத்தாள். நடிக்க வேண்டிய இடத்துக்கு உண்மையான கறுப்பு ஆண் கிடைக்கவில்லை. கீட்டன் மனத்தில் வஞ்சம் வைத்து இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. வஞ்சமே தேவைப்படாத அளவுக்கு அது பழக்கமாயிருந்தது. கள்ளமில்லை என்று நம்மவர்கள் சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான்.

யாருக்கும் மனம் நோகவில்லையாம். நொந்தவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். தன் மக்களை ஓயாமல் கொள்ளைக்காரராகவும் அழுக்கராகவும் காட்டியதற்காக மெக்சிக்கோ அரசு 1922இல் ஹொலிவூட் படங்களுக்குத் தடை போட்டது. 1928இல் அமெரிக்க வானொலியில் 'ஏமஸ் அண்ட் அண்டி' தொடங்கியது. இரண்டு வெள்ளைக்காரர்கள் இரண்டு கறுப்பர்களாகக் கொச்சை பேசினார்கள், நாடே வானொலியைச் சுற்றி உட்கார்ந்தது. 1930இல் அதே இருவரும் கரி பூசிக்கொண்டு படத்திலும் வந்தார்கள். 1931இல் 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பர் பத்திரிகை அந்த நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி பத்து இலட்சம் கையொப்பம் திரட்டக் கிளம்பியது. ஆகவே அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தக் காலத்திலேயே ஆட்சேபம் இருந்தது. ஆட்சேபித்தவர்கள் 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் வரவில்லை, அதுதான் விஷயம்.

இனி, கொஞ்சம் படித்தவர்கள் சொல்லும் வாதம். "அந்தக் காலத்தில் திரையில் தோன்றியதே பெரிய வெற்றி. முதலில் உள்ளே போக வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம்." இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் பேர்ட் வில்லியம்ஸ் என்று ஒருவர் இருந்தார்.

1874இல் பஹாமாஸில் பிறந்தவர். நிறம் மாநிறம், பேச்சு சுத்தமான ஆங்கிலம். 1903இல் 'இன் டஹோமி' நாடகத்தோடு நியூயோர்க்கின் பெரிய அரங்குக்குள் நுழைந்தார், 1910இல் வெள்ளையர் நிறைந்த சீக்ஃபெல்ட் குழுவில் நட்சத்திரமானார். 'அ நச்சுரல் போர்ன் கம்ப்ளர்' (1916) படத்தில் சிறைக்குள் தனியாக உட்கார்ந்து, சீட்டும் இல்லாமல் எதிராளியும் இல்லாமல், வெறும் கையால் ஒரு சீட்டாட்டம் முழுவதையும் ஆடித் தோற்கிறார். அந்தச் சில நிமிடங்களுக்காக அவர் காலில் விழலாம். ஆனால் இந்த மனிதர் மேடையேறும்போதெல்லாம் முகத்தில் கரி பூசினார். கறுப்பர், கறுப்பர் வேடம் போட்டார். அவருடைய உண்மையான முகம் கறுப்பாக இருக்கப் போதாது என்று பார்வையாளர்கள் நினைத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. எட்டாம் வகுப்பில் நகரத்துப் பாடசாலை ஒன்றில் சேர்ந்தேன். கலைவிழாவில் ஒரு பகிடி நாடகம். அதில் தோட்டத்துக் கூலியாக வர ஆள் வேண்டும். வாத்தியார் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சரிதான், எனக்கு அந்த வேஷத்துக்கு ஒத்திகையே தேவையில்லை, என் அப்பாவைப் போல் நின்றால் போதும் என்று நினைத்தேன். மேடைக்குப் போகுமுன் ஒருவர் கையில் கரியோடு வந்தார். "இன்னும் கொஞ்சம் கறுப்பா இருக்கணும்" என்றார். லயத்திலிருந்து வந்த பிள்ளைக்கு, லயத்துப் பிள்ளை மாதிரி இருக்கக் கரி பூசினார்கள். எனக்குக் கிடைத்த வசனம் ஒன்றே ஒன்று: "சரிங்க தொரை." அதைச் சொல்லிவிட்டு விழ வேண்டும். விழுந்தேன். நல்ல கைதட்டு. பேர்ட் வில்லியம்ஸ் அளவுக்கு இல்லை.

உள்ளே போவது வெற்றிதான். ஆனால் எந்த முகத்தோடு போனோம் என்று கேட்காமல் அதை வெற்றி என்று எழுதுவதற்குத்தான் நான் மறுப்புச் சொல்கிறேன். இதற்கு வில்லியம்ஸே ஒரு சாட்சியை விட்டுப்போனார். 1913இல் கறுப்பு நடிகர்களோடு அவர் நடித்த ஒரு நகைச்சுவைப் படம் முடிக்கப்படாமலே கிடந்தது. நியூயோர்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பெட்டிக்குள் இருந்த அந்தப் படச்சுருள்களைக் கோத்து 2014இல் காட்டினார்கள். அதில் அவர் ஒருவர் முகத்தில் மட்டுமே கரி. மற்றவர்கள் தங்கள் சொந்த முகத்தோடு, நல்ல உடுப்போடு, ராட்டினத்தில் ஏறிச் சுற்றுகிறார்கள், நடனமாடுகிறார்கள், காதலிக்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்துப் பயந்து ஓடுவதற்காக அல்லாமல், தங்களுக்காகவே சிரிக்கிறார்கள். 1913இலேயே இப்படி ஒரு நகைச்சுவை சாத்தியமாயிருந்தது. காலம் அதைத் தடுக்கவில்லை. பணம் போட்டவர்கள் பெட்டியை மூடினார்கள்.

ஹால் ரோச் 1922இல் தொடங்கிய 'அவர் கேங்' படங்களைப் பன்மைத்துவத்தின் பொற்காலமாக எடுத்துக்காட்டுவார்கள். பள்ளிக்கூடங்களில் வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் தனித்தனியாக உட்கார்ந்த நாட்டில், திரையில் சேர்ந்து விளையாடினார்கள். உண்மை, அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. அதற்கும் மூன்று வருஷம் முன்பே ரோச் நிறுவனத்தோடு ஒப்பந்தமான ஏர்னி மொரிசன் என்ற பையன் பெரியவர்களைத் தூக்கிச் சாப்பிடும் நடிகன். ஆனால் அலன் ஹொஸ்கின்ஸுக்கு வைத்த பேர் 'ஃபரீனா', கோதுமைக் கஞ்சியின் பெயர். இன்னொரு பையனுக்குப் 'பக்வீட்', அதுவும் ஒரு தானியம். வெள்ளைப் பையன் ஒருவனுக்கும் மாட்டுக்குப் போடும் தீவனத்தின் பெயர் இருந்தது என்பது சரி. அவன் ஆணா பெண்ணா என்று வருஷக்கணக்காக ரசிகர்களைக் குழப்பி விளம்பரம் தேடவில்லை. ஃபரீனாவை வைத்துத் தேடினார்கள். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழ்களில் ராமாயி ரமாயாகவும் முத்துச்சாமி முதுசமியாகவும் விழுந்து, அதைத் திருத்த மூன்று கந்தோர் ஏறி இறங்கியவர்களுக்கு, பேர் விஷயத்தில் கொஞ்சம் தோல் மெல்லிசாகத்தான் இருக்கும்.

லிங்கன் பெரியின் கதை இன்னும் சிக்கல். 'ஸ்டெப்பின் ஃபெச்சிட்' என்ற மேடைப்பெயரில் சோம்பேறி வேஷம் போட்டே பெரும் பணக்காரரானார். கால் இழுபடும், வாய் குழறும், சொன்ன வேலையைச் செய்வதற்குள் பொழுது சாயும். அவரைத் திட்டுகிறவர்கள் ஏராளம். அவர் பக்கம் பேசுகிறவர்கள், அது அடிமைக் காலத்துத் தந்திரம் என்கிறார்கள்: புரியாத மாதிரி நின்றுவிட்டால் எசமானே அந்த வேலையைச் செய்துகொள்வான். இதை விளக்க எனக்குப் பேராசிரியர் தேவையில்லை. தேயிலையைக் கவ்வாத்து செய்யும் மலையில் தோட்டத்துக் கண்டக்டர் கத்தும்போது கத்தியைத் தீட்டிக்கொண்டே நிற்பவரை நான் பார்த்திருக்கிறேன். தீட்டத் தீட்டக் கத்தி கூராகவே மாட்டாது. தூரத்திலிருந்து துரை பார்த்தால் சோம்பேறி. பக்கத்து வரிசையில் நிற்பவர் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது. ஒரே ஆள், ஒரே அசைவு, இரண்டு சிரிப்பு. பெரியின் படங்களில் காமரா எப்போதும் துரை நின்ற இடத்திலேயே நின்றது.

சாப்ளினை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். அவர்தான் என் எதிராளிகளின் பெரிய ஆயுதம், எனக்கும் அவர்தான். 'த இமிக்ரன்ட்' (1917) படத்தில் கப்பலில் வந்தவர்கள் சுதந்திர தேவி சிலையைப் பார்த்து நிற்கும்போதே அதிகாரிகள் கயிறு போட்டு மாடு மாதிரி ஒதுக்குகிறார்கள். இலங்கைக்கு வரும் வழியில் மண்டபம் முகாமில் அடைபட்டு, மருந்தடிக்கப்பட்டு, தலையெண்ணிக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கயிறு தெரியும். சாப்ளின் அந்த அதிகாரியின் பின்பக்கத்தில் ஓர் உதை விடுகிறார். 'த கோல்ட் ரஷ்' (1925) படத்தில் பசியில் சப்பாத்தை வேகவைத்துத் தின்கிறார். லண்டனின் ஏழைகள் விடுதியில் வளர்ந்த பிள்ளை அவர். பசியை அவர் வெளியிலிருந்து பார்த்து நடிக்கவில்லை. பகிடியின் கயிறு பசித்தவன் கையிலேயே இருந்தது. முழுப்பேர் என்று நான் சொல்வது இதைத்தான்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

'கோமாளிகளின் கும்மாளம்' ஒலிபரப்பாகும் நேரத்தில் லயத்து இஸ்தோப்பில் வானொலியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். எஸ். ராமதாஸ் முஸ்லிமான மரிக்கார். ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி. செல்வசேகரன் உடைந்த தமிழ் பேசும் சிங்களவர் உபாலி. பி. எச். அப்துல் ஹமீத் ஐயர். இந்து ஒருவர் முஸ்லிம் பேச்சைப் பேசினார், முஸ்லிம் ஒருவர் பிராமணப் பேச்சைப் பேசினார். அதில் அசிங்கம் இல்லை, அந்தந்தப் பேச்சின் மேல் அன்பும் கவனமும் இருந்தன. 'ஏமஸ் அண்ட் அண்டி'யோடு இதைச் சேர்த்து வைப்பது அநியாயம். மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரத்தின் பேர் அவர்கள் சொந்தப் பேரோடு ஒட்டிக்கொண்டதே, அதுகூட ஜனங்கள் பாசத்தில் வைத்தது. என் சண்டை அந்த நால்வரோடு இல்லை. அந்த நால்வரைக் காட்டி 'இலங்கையின் எல்லாச் சமூகமும் அதில் இருந்தது' என்று இன்றுவரை சொல்லிவரும் விமர்சகர்களோடுதான்.

எல்லாச் சமூகமுமா? 1971 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று எண்ணப்பட்டவர்கள் 11 இலட்சத்துக்கும் மேல். நாற்காலி நான்கு, ஐந்தாவதை யாரும் கொண்டுவந்து போடவில்லை. தோட்டத் தொழிலாளி அந்த நால்வரில் இல்லை. ஒரு கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது, ஐயர் இருந்தாரே, அவர் பேசியது இந்தியத் தமிழ்தானே என்றார் ஒருவர். எங்கள் கோயிலில் பூசை வைத்தவர் பண்டாரம். ஐயர் கும்பாபிஷேகத்துக்குக் காரில் வந்து காரில் போனார். ஊரில் சேரிக்குத் தள்ளப்பட்டுக் கப்பலேறியவர்களின் பிரதிநிதி ஐயர் என்றால், அப்புக்குட்டிக்கு உபாலியே போதுமே, தனியாக எதற்கு?

ஏன் ஐந்தாவது நாற்காலி இல்லை? பேச்சில் சரக்கு இல்லாமலா? திருச்சி, சேலம், புதுக்கோட்டைத் தமிழ் ஒரு கைப்பிடி, துரைமாரின் ஆங்கிலம் உருண்டு திரண்ட பெரட்டு, கொந்தரப்பு, செக்ரோல் ஒரு கைப்பிடி, சிங்களம் ஒரு சிட்டிகை. இதைவிடச் சுவையான கொச்சை இந்தத் தீவில் எது? அந்தக் கொச்சை கொழும்புக்குப் போனதும் வாயை மூடிக்கொண்டது என்பதுதான் காரணம். புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்குப் போன பையனிடம் "எந்த ஊர்?" என்றால் "கண்டிப் பக்கம்" என்பான். நானும் சொல்லியிருக்கிறேன். பூண்டுலோயா, அக்கரப்பத்தனை, லிந்துலை எல்லாம் கொழும்பில் கண்டிப் பக்கம் ஆகிவிடும். ஊரைச் சொன்னால் அடுத்த சொல் 'தோட்டக்காட்டான்' என்று வரும். தன் பேச்சை ஒளித்துக்கொண்டு வாழ்கிறவனை மேடையில் எப்படிப் பேசவைப்பது?

காலத்தையும் பாருங்கள். 1964இல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தப்படி எங்களில் 525,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும். 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். 'கோமாளிகள்' வெளியான நாட்களில் தலவாக்கலை ரயில் மேடையில் தகரப்பெட்டியோடு குடும்பங்கள் நின்று அழுதன. தலைமன்னார் போய், கப்பலேறி, ராமேஸ்வரம். "அப்படிப்பட்ட நேரத்தில் உங்களை வைத்துச் சிரிக்கச் சொல்கிறீர்களா, விட்டுவைத்ததே மரியாதை" என்பார்கள். சப்பாத்தைத் தின்றவரை மறுபடி நினைவூட்டுகிறேன். பசி நகைச்சுவைக்குத் தடையாக இருந்ததே இல்லை. பசித்தவன் கையில் பகிடி இருந்தால் அதிகாரிக்கு உதை விழும். அந்தப் பயம்தான் மரியாதை என்ற பெயரில் வருகிறது.

தமிழகத்துப் படங்களும் வேறு கதை சொல்லவில்லை. இந்த விஷயத்தில் ஹொலிவூட்டும் தேயிலைத் தோட்டமும் நேருக்கு நேர் சந்தித்த ஒரு படமே உண்டு: 1936இல் வந்த 'சதி லீலாவதி'. அமெரிக்காவில் சினிமா படித்துவிட்டு வந்த, தமிழ் தெரியாத எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். எம்.ஜி.ஆருக்கு முதல் படம், என். எஸ். கிருஷ்ணனும் அதில் உண்டு, மூலக்கதை எஸ். எஸ். வாசன். குடித்துக் கெட்ட கதாநாயகன் கொலைப்பழிக்குப் பயந்து இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். தோட்டம் என்பது கெட்டவன் வந்து விழும் குழி. அவன் திருந்தி ஊர் திரும்பியதும் குழியின் வேலை முடிந்தது. அந்தக் குழிக்குள் நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கதையில் என்ன வேலை? அறுபத்து நான்கு வருஷம் கழித்து 'தெனாலி' வந்தது. இலங்கைத் தமிழ் பேசி உலகத் தமிழரையெல்லாம் சிரிக்க வைத்தார் கமல். நன்றாகவே பேசினார். ஆனால் இலங்கைத் தமிழ் என்றால் அது ஒன்றுதான் என்று சென்னையில் முடிவாகிவிட்டது. நான் சென்னை போயிருந்தபோது ஒரு ஓட்டோக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க சிலோன் இல்ல சார், சும்மா சொல்றீங்க" என்றார்.

எங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது கண்ணீர். தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 1975இல் தயாரித்து நடித்த 'புதிய காற்று' தோட்டத் தொழிலாளரைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அவருக்கு எங்கள் வணக்கம் என்றும் உண்டு. ஆனால் அன்று தொட்டு மலையகம் என்றால் கூடை, அட்டை, கண்ணீர், சிவப்புக்கொடி. இந்த இடத்தில் எங்கள் எழுத்தாளர்களையும் நான் விடமாட்டேன். அழுதால்தான் இலக்கியம் என்று நாங்களே நம்பிவிட்டோம். மலையக மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளைக்குத் தெரியும், கங்காணியைக் கிண்டல் செய்யும் பாட்டுகளுக்கு லயத்தில் பஞ்சமே இருந்ததில்லை என்று.

அந்தக் கிண்டலுக்குத் தீனி துரைமாரே போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபெர்குசன் என்பவர் சின்னத்துரைமாருக்காக ஒரு பையடக்கத் தமிழ்க் கைநூல் போட்டார். அதன் பேரே 'இங்கே வா!' 1915இல் வெல்ஸ் என்பவர் 'கூலித் தமிழ்' என்றே தலைப்பு வைத்து ஒரு நூல் வெளியிட்டார். வா, போ, வெட்டு, தூக்கு, சுறுக்கா செய். உலகத்தில் எந்த மொழியையும் இவ்வளவு வறுமையாக யாரும் படித்திருக்க மாட்டார்கள். என் அப்பாயி கோழிகளைக் கூப்பிடுவதே துரையின் குரலில்தான். மூக்கால் இழுத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, "இங்ஙே வா!" கோழிகள் ஓடிவரும். சேவல் மட்டும் வராது. "இவன் யூனியன்ல சேந்துட்டான்" என்பாள். இந்த நடிப்பு எந்தக் காமராவுக்கும் அகப்படவில்லை.

சிலர் இன்னொரு கோடிக்குப் போய், அந்தப் பழைய படங்களையெல்லாம் பூட்டிவைக்க வேண்டும் என்கிறார்கள். அவர்களோடும் நான் சேரமாட்டேன். பூட்டினால் பேர்ட் வில்லியம்ஸின் கைகளும் சேர்ந்து பூட்டப்படும். 1913இன் பெட்டியை மறுபடி மூடியதாகும். கீட்டனை நான் இன்னும் பார்க்கிறேன், இன்னும் சிரிக்கிறேன், அந்த ஒரு காட்சி வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன்.

பகிடியின் கயிறு எங்கள் கையிலேயே இருந்த இடமும் உண்டு. மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். மதன், ரதி, வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி. நான் பத்து வயதில் பார்த்த ஒரு கூத்தில் எமன் வருகிற கட்டத்தில் கோமாளி ஒரு பெரிய கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். காதில் பென்சில். எமன் பாசக்கயிற்றைச் சுழற்றிக்கொண்டு உறுமினான். கோமாளி கையில் கட்டாத கடிகாரத்தைப் பார்த்தான். "பெரட்டு தப்பு அடிச்சு எவ்வளவு நேரம்? இப்பதான் வர்றீக?" என்றான். எமன் மறுபடி உறுமினான். "உசுரு எத்தன?" என்றான் கோமாளி. ஒன்று என்று எமன் விரலைக் காட்டினான். கோமாளி கொப்பியைத் திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டு, நிதானமாக எழுதினான்.

"ஒரு உசுருக்கு முழுப்பேரு போட முடியாது. அரைப்பேரு."

தப்பு அடித்தவர்கள் கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரிய கங்காணியும் சிரித்தார். அவர் பக்கத்தில் கணக்கப்பிள்ளை. தன் சட்டைப்பையிலிருந்த பென்சிலை மெல்ல எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.